அஃப்சருன்னிசா வரைந்த பள்ளங்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கே தண்ணீர் தேங்கி நின்றாலும் அஃப்சருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருடமாகச் சாலையோர மழைநீர்க் கால்வாய்களுக்குப் படம் போடுகிற கை அது. சரியான வாட்டம் கொடுத்துத் தண்ணீரைத் துரத்திவிடுவதுதான் பிழைப்பு. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அவள் வேலை செய்யும் அடையாறு ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். சம்பளம் உயர்த்தச் சொன்னால் மட்டும் ஒருவருக்கும் காது கேட்காது.

அந்த ஆபீசுக்கு ஜவ்வாது மலையில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலை ஒன்று வந்து சேர்ந்தது. சரிவின் குறுக்கே பள்ளங்கள் வெட்ட வேண்டும். அவை துளி வாட்டமும் இல்லாமல் மட்டமாக, இரு முனையும் மூடியபடி இருக்க வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் நின்று ஊறி நிலத்துக்குள் இறங்கும். மலைப்பக்கமே போயிராத அஃப்சருன்னிசாவிடம் இதை யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கைப்பழக்கத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அழகாக வாட்டம் கொடுத்து, தாழ்ந்த முனையைத் திறந்தும் விட்டாள். கையெழுத்துப் போட்ட எஞ்சினியர் சுரேஷ்குமார் படத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்து, ஃபைலில் சேர்க்கச் சொல்லி போட்டோக்கள் வந்தன. சடையன் என்பவருடைய சாமைக் கொல்லையில் அவள் வரைந்த பள்ளம் ஓடையாகி, நிலத்தை ஆளுயரத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. அவள் பழைய படத்தை எடுத்து விரித்துப் பார்த்தாள். நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் தான் செய்த காரியம் புரிந்தது.

ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து புதுப் படம் போட்டு, சுரேஷ்குமாரின் மேஜையில் வைத்தாள்.

"தப்பு என் கையில நடந்துடிச்சி சார். திருத்திட்டேன். அவருக்கு மறுபடி வெட்டிக் குடுக்கணும்."

"இன்னா மேடம் நீங்க! வேலை முடிஞ்சுதுன்னு சர்டிஃபிகேட்டே போயாச்சு. இப்ப தப்புன்னா யார் தலை உருளும்? விடுங்க."

அவளால் விட முடியவில்லை. திறந்த முனையைக் கல்லடுக்கி மூடினால் மிச்ச மண்ணாவது தங்குமே என்ற நப்பாசை. ஃபைலில் சடையனின் நம்பர் இருந்தது. ஆபீஸ் படிக்கட்டில் நின்று போன் செய்து அந்த யோசனையைச் சொன்னதோடு, தவறு தன்னுடையதுதான் என்பதையும் சொல்லிவிட்டாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மூடி என்னாத்துக்கும்மா? மண்ணு இருந்தாத்தானே தண்ணி ஊறும்? இப்ப பாறைதான் தெரியுது."

"வேற நிலம் எதுனா இருக்குதாங்க?"

"அது ஒண்ணுதான்." பிறகு கூச்சத்தோடு கேட்டார். "உங்களுக்கு மெட்ராஸ்ல நாலு பேரைத் தெரியும். எனக்கும் பொண்டாட்டிக்கும் வாட்ச்மேன் வேலை எதுனா, தங்க எடம் குடுக்கிற மாதிரி, கெடைக்குமாம்மா?"

பொங்கல் கழிந்ததும் கொட்டிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவரையும் சேர்த்துவிட்டாள். அன்று சடையன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு, இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன் என்றார்.