பரீட்சை முடியும் வரை சொல்லவில்லை

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஜனவரி மாதம். லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டில் அப்போது நான் மட்டும்தான். மகன் வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது தன் செல்லப்பிராணியை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். நாயோ பூனையோ என்றாலும் பரவாயில்லை, அது பியர்டட் டிராகன். தாடி வைத்த பெரிய ஓணான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லி மேலே விழுந்தாலே தலை முழுகுகிற ஆள் நான். ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அது தலையைச் சாய்த்துப் பார்க்கப் பார்க்க மனம் இளகிவிட்டது. மகன் எழுதித் தந்த தாளின்படி கீரை அரிந்து வைத்தேன், வெட்டுக்கிளி போட்டேன், காலையில் விளக்குகளைப் போட்டு மாலையில் அணைத்தேன். வேலையால் நான் வீட்டுக்கு வந்ததும் என் தோளில் ஏறிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை அதுதான்.

அந்த ஜனவரியில் அது சோர்ந்து போனது. சாப்பாட்டைத் தொடவில்லை, முன்கால்கள் நடுங்கின. குளிர்தான் காரணமாக்கும் என்று ஹீட்டரைக் கூட்டினேன். மகனுக்கோ பரீட்சை நேரம். போன் எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் முதலில் விசாரிப்பான்.

"நல்லா இருக்கிறான், நீ படி" என்பேன். படம் கேட்டபோது டிசம்பரில் எடுத்த பழைய படத்தை அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். எலும்புகள் பலம் இழந்துவிட்டன என்றார். பெட்டியில் உள்ள புற ஊதா விளக்கைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். அது நன்றாகத்தானே எரிகிறது என்றேன். எரிந்தாலும் சில மாதங்களில் அந்தக் கதிர் குறைந்துவிடுமாம், அது இல்லாமல் எலும்பு தேறாதாம். அன்றே புதிது வாங்கிப் பூட்டினேன். மூன்றாம் நாள் என் மடியிலேயே அது செத்துப்போனது.

மகனுக்குக் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பின்தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்து, அன்றும் அவனிடம் "இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டவன்" என்றுதான் சொன்னேன்.

பரீட்சை முடிந்து வந்தவன், தோளில் பையோடு வெறும் பெட்டிக்கு முன்னால் நின்றான். நடந்ததெல்லாம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன்.

"லைட் மாத்திறதை அந்தத் தாளிலை எழுத மறந்தது நான்தான். ஆனா கால் நடுங்குது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எனக்கு உடனே விளங்கியிருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டு அழுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதே லண்டனில் நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்த செய்தியை அண்ணை பத்து நாள் என்னிடம் மறைத்தார். அதற்காக அவரோடு வருடக்கணக்கில் கதைக்காமல் இருந்தவள் நான்.

இப்போதும் மகன் போனில் சுகம் விசாரிப்பான். நல்லா இருக்கிறன் என்று நான் சொன்னதும், "உண்மையாவோ அம்மா?" என்று கேட்பான். அன்று அன்பினால் மறைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது உண்மையைச் சொல்லும்போதும், போனை வீடியோவுக்கு மாற்றி என் முகத்தைக் காட்டித்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.