சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே ஒரு செம்புப் பட்டை

அந்த மருத்துவமனைக்கு அடியில் ஓடும் குழாய்ப் பாதையில் ஸ்பானர் அக்காவுக்குத் தெரியாத திருகாணி ஒன்றுகூடக் கிடையாது. பதினெட்டு வருடமாகக் குழாய் ஃபிட்டர் வேலை.

மேலே அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் நீராவி அந்தப் பாதை வழியாகத்தான் போகிறது. எந்த வால்வு கசிகிறது என்று கம்பியில்லாமல் சேதி அனுப்ப, தீப்பெட்டி அளவில் நாற்பது சென்சார்களை மாட்டியிருந்தார்கள். மாட்டியதென்னவோ நல்லதுதான். ஆனால் அந்த வெக்கையில் பேட்டரி மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஏணியும் கையுமாக அலைந்து மாற்றுவது அக்காவின் தலையில் விழுந்தது. நாற்பதாவதை மாற்றி முடிப்பதற்குள் முதலாவது மண்டையைப் போட்டிருக்கும்.

ஒருநாள் ஏணியில் நின்றபடியே இன்ஜினியரைக் கேட்டாள்.

"சார், இந்தச் சூடுதானே பேட்டரியைக் கொல்லுது? அதையே வேலை வாங்க முடியாதா?"

அவர் சின்ன வயதுக்காரர், கேள்வியை உதறித் தள்ளவில்லை. மூன்றாவது வாரம் பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைச் சில்லோடு வந்தார்.

"ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தா இது கரண்ட் தரும்க்கா. துளியூண்டுதான். சென்சாருக்கு அது போதும்."

நீராவிக் குழாயில் கட்டியதும் சென்சாரில் பச்சை விளக்கு எரிந்தது. இன்ஜினியர் கைதட்டினார். பத்தே நிமிடத்தில் அணைந்துபோனது. காற்றில்லாத இடம், சில்லின் இரண்டு பக்கமும் ஒரே சூடாகிவிட்டிருந்தது.

"சரிப்பட்டு வராதுக்கா," என்று அவர் கருவிப்பையை மூடினார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் போய் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நீராவிக் குழாய்க்கு ஒரு சாண் கீழே, கூடவே குடிதண்ணீர்க் குழாய் ஓடியது. தொட்டால் ஜில்லென்றிருந்தது. பட்டறையில் கழித்துப் போட்டிருந்த தடித்த செம்புப் பட்டையை வளைத்து, ஒரு முனையைச் சில்லின் வெளிப்பக்கத்திலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் இறுக்கினாள். பிறகுதான் இன்ஜினியரைக் கூப்பிட்டாள்.

"குளிர்ச்சி பக்கத்துலயே ஓடுது சார். நாமதான் கண்டுக்கல."

பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து விளக்கையே பார்த்தார்கள். பத்து நிமிடம் போனது, ஒரு மணி நேரமும் போனது. சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இரண்டு மாதத்தில் நாற்பது சென்சார்களும் இதே மாதிரி சில்லும் பட்டையுமாகப் பேட்டரி இல்லாமல் ஓடின. அப்புறம் ஒரு முற்பகலில் இருபத்தேழாவது சென்சார் கசிவு என்று சேதி அனுப்பியது. அக்கா போய் வாஷரை மாற்றிவிட்டு வந்தாள். மேலே ஒரு அறுவை சிகிச்சைகூட நிற்கவில்லை. நடந்தது டாக்டர்களுக்கே தெரியாது. அதுதான் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அவள் கணவர் பள்ளி பஸ் ஓட்டுநர், சும்மா இருப்பாரா? "எங்க வீட்டம்மாதான் ஆஸ்பத்திரிக்கே கரண்ட் குடுக்கறா," என்று வழியெல்லாம் சொல்லி வைத்தார்.

"ஐயோ, அதுல ஒரு குண்டு பல்புகூட எரியாதுங்க!"

"விவரத்தை நீ வச்சுக்கோ. பெருமையை எனக்கு விட்டுடு," என்றார் அவர்.

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.