பின்புறமாக மேடேறிய பஸ்

எங்கள் ஊரான அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டாவுக்குப் போகும் சாலை ஒன்றும் பெரிய சாலை அல்ல. விடிந்து கிளம்பினால் வெயில் ஏறுமுன் நடந்தே போய்விடலாம். ஆனால் நடுவில் ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டை மோட்டார் பஸ் பின்புறமாகத்தான் ஏறும். சொன்னால் என் மாணவிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெட்ரோல் டப்பா டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது; பஸ் மூக்கைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. அதனால் அடிவாரத்திலேயே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றுவார் டிரைவர்.

நான் முதன்முதலில் பஸ் ஏறியது வேலூரில் டீச்சர் டிரெயினிங் சேர்வதற்காக. அப்பாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. தோல் பதனிடும் டேனரிகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப்போகும் மாட்டுவண்டிக்காரர் அவர். பெண்ணை வெளியூர் அனுப்புவதும் பிடிக்காது, மாடுகளை மிரட்டும் பஸ்ஸும் பிடிக்காது. இருபது நாளாக என்னோடு பேச்சில்லை. அன்றைக்கும் எனக்கு முன்பே வண்டி பூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டாள்.

மேட்டடியில் பஸ் திரும்பியது. ஆண்கள் இறங்கி முன்பக்கமாக நின்று தள்ளினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, பஸ் ஏற ஏற, கண்ணாடி வழியே கீழே எல்லாம் விரிந்துகொண்டே போனது. ஏரி, கம்பங்கொல்லைகள், அவற்றுக்கு நடுவே நான் நடந்து தேய்த்த சாலை, அதற்கும் அப்பால் மலை. பதினேழு வருஷம் இருந்த ஊரை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

பாதி மேட்டில் எஞ்சின் திணறி நின்றது. பிரேக் பிடிக்கவில்லை. பஸ் மெல்லக் கீழே நழுவியது. தள்ளியவர்கள் விலகி ஓடினார்கள். சாலையோரம் நின்றிருந்த பட்டை வண்டியிலிருந்து ஒருவர் குதித்து, தலையளவு கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக எங்களைப் பார்த்து ஓடி வந்தார். அப்பா!

"வேணா நைனா!" என்று அலறினேன். கண்ணாடியை உடைத்து என்னை இறக்கிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

அவர் குனிந்து கல்லை முன்சக்கரத்துக்கு அடியில் போட்டார். பஸ் குலுங்கி நின்றது.

"இன்னா பாய், மேட்ல கல்லு குடுக்காம வண்டி ஏத்துவாங்களா?" என்று டிரைவர் மேல் பாய்ந்தார். மாடு மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் சக்கரம் சரியாமல் கல் வைப்பது அந்த மேட்டில் வண்டிக்காரர்கள் வழக்கம்.

அதன் பிறகு பஸ் பத்தடி ஏறும், நிற்கும். உடனே அப்பா கல்லைத் தூக்கி வந்து வைப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வியர்வை வழியும் அவர் முகம், இந்தப் பக்கம் நான். போகவே கூடாது என்ற மனுஷர், நான் ஓர் அடிகூடக் கீழே திரும்பாதபடி கல் வைத்துக்கொண்டே வந்தார். பஸ் பின்புறமாக ஏறுவதை ஊரே அதிசயம் என்றது. எனக்கு அன்று அது ஓர் அதிசயமாகவே படவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் கை கூப்பத் தோன்றியது.

உச்சியில் கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். மூச்சு இரைத்தது.

"போய்ச் சேந்ததும் லெட்டர் போடு மா," என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு போடாம இருந்துடாத."