சரிகைக்கு மயங்கிய வான்கோழி

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் சேலைக்கடையில், குழல்விளக்கின் கீழ் எவ்வளவுதான் விரித்துக் காட்டினாலும் எங்கள் சனம் நிறத்தை நம்பாது. சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. அதனால்தானோ என்னவோ, நான் போகும் புகைப்பட வகுப்பின் ஆசிரியை "இயற்கை வெளிச்சம் மட்டும், விளக்கே கூடாது" என்றபோது மற்றவர்கள் முகம் சுளிக்க, எனக்கு மட்டும் குதூகலமாக இருந்தது.

வருட முடிவில் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். ஆசிரியை சம்மதித்தால்தான் அது சுவரில் ஏறும். நான் வான்கோழி எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா கிடந்தால்தானே! கடைக்கு வந்தவர்களையெல்லாம் பார்க்க வரச்சொல்லியும் விட்டேன்.

நகருக்கு வெளியே, ஸ்தேன் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் உள்ள புதர்ப் பற்றைகளில், யாரிடமிருந்தோ தப்பிய வான்கோழிகள் காட்டுப் பறவைகளாகவே மாறித் திரிந்தன. எனக்கு அவற்றில் ஒன்றின் முகம் வேண்டும், ஒவ்வொரு மருவும் தெரியும்படி கிட்டத்தில். கிடைத்ததெல்லாம் ஓடும் வால். அழைத்தவர்கள் முன்னால் வெறும் சுவருக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்தாலே பயமாக இருந்தது.

கடைசி முயற்சிக்கு, உணவகத்தில் சமைக்கும் என் கணவர் தன் லீவு நாளைத் தியாகம் செய்து கூட வந்தார். ஒளிந்திருக்க மறைப்பு வேண்டுமே.

"உன்ரை பாசிப்பச்சைச் சீலை இருக்கெல்லே?" என்றார்.

பட்டு. சரிகைக் கரை பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கரை முழுவதையும் உள்ளே மடித்து, விடிந்ததும் பற்றைக்குள் அதைப் போர்த்துக்கொண்டு குந்தினோம். கல்யாண வயதில் பிள்ளை இருக்கும் இரண்டு பேர், ஒரு சேலைக்குள்!

வான்கோழிச் சேவல் ஒன்று வெளியே வந்தது.

"எத்தினை கிலோ வரும் எண்டு நினைக்கிறாய்?" என்று சமையற்காரர் காதுக்குள் கேட்டார்.

"உஷ், கதையாதேங்கோ."

"நெஞ்சு மட்டும் பத்துப் பேருக்குக் காணும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சேவல் "களகளகள" என்று பதில் கத்தியது. அது கத்த நான் சிரிக்க, நான் சிரிக்க அது கத்த, அவரும் சேர்ந்து குலுங்கினார். கமரா ஆடியது, வயிறு நொந்தது, கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"கால் விறைக்குதப்பா" என்று அவர் முழங்காலை நீட்டினார். மடிப்பு அவிழ்ந்து, சரிகைக் கரை வெயிலில் சரிந்து தகதகத்தது.

"கெடுத்தீங்களே!" அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

சேவல் ஓடவில்லை. வாலை விசிறியாக விரித்து, இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு நேரே சரிகையிடம் வந்தது. அது குனிந்தபோது, கரையில் பட்ட காலை வெயில் அதன் தாடையில் பொன்னாகத் தெறித்தது. சிரிப்பை விழுங்கி, மூச்சைப் பிடித்து, கமராப் பொத்தானை அமத்தினேன்.

மண்டபத்தில் அந்தப் படத்தைப் பார்த்த ஆசிரியை புருவத்தை உயர்த்தினார். "அழகு. ஆனால் மதாம், கீழேயிருந்து விளக்குப் பிடித்திருக்கிறீர்கள். இதை மாட்ட முடியாது."

என் பிரெஞ்சு அவசரத்துக்கு உதவாது. சரிகைக்குச் சொல் தேடி நாக்குப் புரண்டது. அழுகையே வந்துவிட்டது. நல்லகாலம், நன்றிக்கடனாக அன்று அந்தச் சேலையைத்தான், முள் கீறிய இடத்தை உள்ளே செருகி, உடுத்திருந்தேன். கடையில் செய்வதையே செய்தேன். "வாங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, ஆசிரியையின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தி, முந்தானையின் சரிகைக் கரையை அவர் முகத்தின் கீழே விரித்துப் பிடித்தேன்.

அவர் தாடையில் பொன் ஏறியது. வகுப்பே படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடியும் படத்தைப் பார்த்தது. ஒருவர் கைபேசியில் அவரைப் படமெடுத்து அவரிடமே காட்டினார். ஆசிரியை உள்ளே போய் என் படத்தைக் கையில் எடுத்தார்.

"ஆணி எங்கே?" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற என் கணவர் மெதுவாக, "களகளகள" என்றார்.