பதினோரு ஓட்டு

பள்ளிக்கூடச் சமையல்காரி தெல்மா கார்பட்டுக்குத் திக்குவாய். நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். மாவட்ட மன்ற இடைத்தேர்தலுக்கு ஆள் கிடைக்காமல் பக்கத்து வீட்டு கிளைவ் அவளிடம் வந்து நின்றான்.

"சும்மா பேரு மட்டும் குடு தெல்மா. நம்ம கட்சி இங்க நாப்பது வருஷமா ஜெயிச்சதே இல்ல. நீ வீட்டை விட்டு வெளிய வரவே வேணாம்."

தொல்லை தாங்காமல் கையெழுத்துப் போட்டாள். ஆனால் ஊர் நீச்சல் குளத்தை மன்றம் மூடிய கோபத்தில் ஜனங்கள் ஆளுங்கட்சியைத் தோற்கடித்துவிட்டார்கள். ஓட்டுப் போட்ட மறுநாள் காலை மண்டபத்தில் எண்ணி முடித்தபோது தெல்மா பதினோரு ஓட்டில் ஜெயித்திருந்தாள்.

"பாவி, தோ... தோத்துருவேன்னு சொன்னியே!"

"எனக்கென்ன தெரியும்? இப்ப விலகினா மறுபடி தேர்தல். ஊரே நம்மளக் காறித் துப்பும். போ, மைக்கு காத்திருக்கு," என்றான் கிளைவ்.

மேடையில் அவள் கண் வாசலைத் தேடியது. வாசலை மறைத்துக் கூட்டம் நின்றது.

"நா... நான் ஜெயிக்கணும்னு நிக்கவே இல்ல."

உண்மையைத்தான் சொன்னாள். அவர்களோ அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

"இப்படி ஒருத்திதான் நமக்கு வேணும்!" என்று யாரோ கத்தினார்.

பதவிக்காலத்தில் மீதமிருந்த இரண்டு வருஷமும், மன்றம் கூடிய நாளெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் போனாள், ஓட்டெடுப்பில் கையை மட்டும் தூக்கினாள். அடுத்த தேர்தலுக்கு கிளைவ் படிவத்தோடு வந்தபோது அவள் கதவைத் திறக்கவில்லை.