தங்கையின் ஜாதகம்

கொல்லம் ஆண்டு 1105-இல் உலகம்மைக்கு வயது நாற்பத்து நான்கு. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவச்சிப் படிப்புக்கு ஆள் எடுத்தார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. சான்றுக்கு ஜாதகம் போதும். அவள் கொண்டுபோனது தங்கை சரோஜத்தின் ஜாதகத்தை. பத்து வயது இளையவளான சரோஜம், எட்டு வயதிலேயே அம்மை கண்டு போய்ச் சேர்ந்தவள்.

வேறு என்ன செய்வாள்? சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த கணவன் பகவதிப்பெருமாள், பிள்ளையில்லை என்று இரண்டாவது கட்டிக்கொண்டான். அந்தச் சின்னவளுக்கு இரண்டு பிரசவமும் பார்த்தது உலகம்மையின் கைதான். கொடி சுற்றிப் பிறந்த இரண்டாவதைத் தட்டித் தட்டி அழவைத்தவளும் அவளே. மூன்றாவது வயிற்றில் வந்ததும், மலடி முகத்தில் விழிக்கக்கூடாது என்று மகராசனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று காலைதான் அவளை மூட்டையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நாஞ்சில் நாட்டில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

ஆஸ்பத்திரி குமாஸ்தா சேஷன் வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். ஜாதகம் கையில் கிடைத்தால் பிறந்த வருஷத்தோடு நிறுத்துகிற மனிதரில்லை. கட்டத்தில் விரலை ஓட்டியவரின் முகம் மாறியது.

"ஏம்மா, இந்த ஜாதகக்காரிக்கு எட்டு வயசுக்கு மேலே ஆயுசே இல்லையே! நீ யாரு?"

உலகம்மையின் நாக்கு பொய் சொல்லிப் பழகியதில்லை.

"அவ செத்துப் போனா சாமி. நான் அவ அக்கா. எனக்கு நாப்பத்திநாலு. என்னைத் தள்ளிராதீங்க."

"கேஸாயிடும், தெரியுமோ? உன் ஜாதகம் இருக்கோ?"

மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். நல்லதாகச் சொல்ல ஒன்றாவது கிடைத்ததே என்று அவருக்கு நிம்மதி போலும்.

"எண்பதுக்குக் குறையாது, போ. தீர்க்காயுசு."

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் பீறிட்டது. "இன்னும் முப்பத்தாறு வருசமா? எங்க இருந்து கழிப்பேன் சாமி? அதையும் அந்தக் கட்டத்துல பாத்துச் சொல்லுங்க."

சேஷன் இரண்டு ஜாதகத்தையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். படிப்பு நடக்காது. ஆனால் பிரசவ வார்டில் தீட்டுத்துணி அலச ஆள் கேட்டிருந்தார்கள். அதற்கு வயது பார்ப்பதில்லை. வேளாளக் குடும்பத்துப் பெண்ணிடம் அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னார்.

"செய்வேன்."

"நாளைக்குக் காலம்பற வா. பேசி வைக்கறேன்."

"நாளைக்கு வரைக்கும் நான் எங்க நிப்பேன்?" முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "துணி எங்க கிடக்கு, சொல்லுங்க."