ஊறுகாய்ச் சட்டமும் அமெரிக்க மச்சானும்

என் மனைவியின் அண்ணன் அமெரிக்காவில் எம்.எல்.ஏ. ஆனார். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. பனி கொட்டும் ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தில் அவர் உறுப்பினர். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, குடிநீர்க் குழாய் போடும் கம்பெனி வேலைக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்.

முதல் தடவை நின்றபோது தோற்றார். இரண்டாம் தடவை வீடு வீடாக நடந்தார். கூடப் போக ஆள் கிடையாது. ஒரு வீட்டில் நாய் கணுக்காலைக் கவ்விவிட்டது.

"வலிக்குதா மச்சான்?" என்று போனில் கேட்டேன்.

"வலிக்குது மாப்ள. ஆனா நாய்க்காரங்க ரொம்ப சங்கடப்பட்டுட்டாங்க. அந்த வீட்டு ஓட்டெல்லாம் நமக்குத்தான்."

ஜெயித்துவிட்டார். தெற்கு வீதியில் இருக்கும் என் எலெக்ட்ரிக்கல் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அவர் பின்னால் எத்தனை கார் போகும்? நானும் அவரிடமே கேட்டேன்.

"போன வாரம் ஒரு கார் வந்துச்சு. போலீஸ் கார். வேகமா ஓட்டிட்டேன்னு அபராதம் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

இதை நான் கடையில் யாரிடமும் சொல்லவில்லை.

என் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்தார். குமராட்சியில் இருக்கும் என் மனைவியின் சித்தப்பாதான் வரவேற்பை ஏற்றுக்கொண்டார். ஆளுயர மாலை, மேளம், பட்டாசுக் கட்டு எல்லாவற்றோடும் ரயிலடியில் ஏசி பெட்டி நிற்கும் இடத்தில் காத்திருந்தோம். வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸும் போட்ட ஒருவர் இறங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா மாலையைப் போட்டுவிட்டார். மேளம் முழங்கியது. அந்த மனிதரும் எதற்கு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கும்பிட்டபடியே வெளியே நடந்து, மாலையோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

மச்சான் கடலூரிலேயே இறங்கி, கடலைப் பார்த்துவிட்டு டவுன் பஸ், ரூட் பஸ் மாறி வந்திருக்கிறார். நாங்கள் வீடு திரும்பியபோது லுங்கியைக் கட்டிக்கொண்டு சமையல்காரருக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்கு இது பெரிய ஏமாற்றம். இருந்தாலும் விடவில்லை.

"எங்கூருக்கு வந்துக்கிட்டிருந்த மினிபஸ்ஸ நிறுத்திட்டானுவ தம்பி. நீ ஒரு போன் போட்டுச் சொல்லு."

"யாருக்கு சித்தப்பா போடறது?"

"அத எம்.எல்.ஏ.தான் கண்டுபிடிக்கணும்."

"எனக்கு இங்க அதிகாரமே கெடையாதே."

"அங்க இருக்குதில்ல? அங்க என்னாதான் பண்ண?"

மச்சான் பூண்டைக் கீழே வைத்தார். தான் கொண்டுவந்த சட்டத்தைப் பற்றிச் சொன்னார். அவர் மாநிலத்தில் வீட்டுச் சமையலறையில் செய்த ஊறுகாயை வெளியே விற்கக் கூடாதாம். அவர் மனைவி சந்தையில் வைத்த மாங்காய் ஊறுகாயை அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கமிட்டி கமிட்டியாக அலைந்து, எதிர்க்கட்சிக்காரர்களுக்கு ஊறுகாய் கொடுத்து, வீட்டிலேயே செய்து விற்கலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்து, "ஊறுகா விக்கறதுக்கா சட்டம்?" என்றார். மச்சானின் முகம் சுருங்கிப்போனது.

கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்து. கிள்ளையிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அன்று கூடையை இறக்கி வைத்துவிட்டு மச்சானைப் பார்த்தார்.

"ஊறுகா சட்டம் போட்டவரு நீதானாய்யா? அதுல கருவாடு விக்கலாமா?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் சட்டத்தைப் பற்றி முறையாகக் கேள்வி கேட்ட முதல் ஆள் அந்த அக்காதான்.

"இல்லீங்க. மீனு, கறி எல்லாம் வேண்டாம்னு சுகாதாரத் துறையில அடம் புடிச்சாங்க. அத விட்டாத்தான் மத்தது நிறைவேறும்னாங்க."

"அதனால வுட்டுட்ட."

"விட்டுட்டேன்."

"உப்பு போட்டது எப்படிய்யா கெடும்?"

மச்சான் கூடைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். உப்பு எவ்வளவு, எத்தனை வெயில், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கமிட்டியில் விசாரிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்காவும் சளைக்காமல் சொன்னார். கூடையில் இருந்த மீனைப் பூனை இழுத்தபோதுதான் பேச்சு நின்றது.

அமெரிக்கா திரும்பியதும் மச்சான் முதல் வேலையாகக் கருவாட்டுக்குத் திருத்தம் கொண்டுவந்தார். அது கமிட்டியைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் படத்தை அச்சடித்து, உங்கள் பக்கத்து வீட்டில் இனி மீன் காயும் என்று வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பினார். மச்சான் தோற்றார்.

போனில் அவர் குரல் தெளிவாகவே இருந்தது.

"கருவாட்டால தோத்த ஆளு அமெரிக்காவிலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன் மாப்ள."

"வருத்தமா மச்சான்?"

"ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. ஆனா அந்தம்மா கேட்டது நியாயம்தானே? நான் மொதல்லயே விட்டிருக்கக் கூடாது."

மிக்ஸியை ரிப்பேர் பார்க்கக் கடைக்குக் கொண்டுவந்த கிள்ளை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அய்யோ, நான் ஏதோ பேச்சுக்கில்ல கேட்டேன். அதுக்குப் போயி பதவிய வுடுவாங்களா?"

மறுநாள் ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து, "உங்க மச்சானுக்கு அனுப்பிவுடு" என்று வைத்துவிட்டுப் போனார். அமெரிக்காவுக்கு அதை அனுப்ப வழியில்லை என்று கூரியர்காரர் கையை விரித்தார். அன்று மதியமே என் மனைவி கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்து, படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள்.

அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "பாவி."